ஆற்றுக்கு இந்தப் பக்கம்: மே சோட் பயணக் குறிப்புகள்

நவம்பர் 13, 2025, வியாழன்: பாங்காக்

அலுவலக வேலையாக பாங்காக் வந்தவன், மிச்சமிருந்த விடுப்பைப் பட்டாயாவில் கழிக்காமல் பர்மா எல்லைக்குக் கிளம்பியதற்குக் காரணம் வியாசர்பாடி. நான் வளர்ந்த தெருவில் பாதிக் குடும்பங்கள் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவை. 1962இல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகளை அரசுடைமையாக்கினார், 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார். இந்திய வம்சாவளியினர் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் கட்டிய துணியோடு வெளியேறினார்கள். துறைமுகத்தில் காதுக் கம்மலைக்கூட விடவில்லை என்று எதிர்வீட்டு ஆயா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அந்த ராணுவம்தான், ஆட்களும் சீருடையும் மாறி, இன்றும் அங்கே ஆள்கிறது. 2020 நவம்பர் தேர்தலில் ஆங் சான் சூகியின் கட்சி 476 இடங்களில் 396ஐ வென்றது. 2021 பிப்ரவரி 1 அதிகாலையில், புது நாடாளுமன்றம் கூடவிருந்த நாளன்று, ஜெனரல் மின் ஆங் லைங் எல்லோரையும் பிடித்து உள்ளே போட்டார். அப்புறம் நடந்ததற்கெல்லாம் சாட்சிகள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடினால், கணிசமானவர்கள் தாய்லாந்தின் மேற்கு ஓரத்தில் மே சோட் என்கிற சின்ன ஊரில் இருக்கிறார்கள்.

மோ சிட் பேருந்து நிலையத்தில் பாதிப் பேர் கறுப்பு உடையில் இருந்தார்கள். ராஜமாதா சிரிகிட் போன மாதம் இறந்ததற்கான துக்கம். பேருந்தில் ஒரு பன், சோயாப் பால், தண்ணீர், போர்வை எல்லாம் தந்தார்கள். போர்வை போதவில்லை. தாய்லாந்துக்காரர்களுக்கு ஏசி என்றால் பிணவறைக் குளிர்தான்.

நவம்பர் 14, வெள்ளி: மே சோட்

தாக் நகரம் தாண்டியதும் மலைப்பாதை. வளைவுக்கு வளைவு பின்சீட்டுப் பையன் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தான். அவன் அம்மா ஒவ்வொரு தடவையும் எங்களைப் பார்த்துக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். ஊரில் இறங்கும்போது நல்ல பனி. பேருந்து நிலையத்திலிருந்து ஊருக்குள் போக சோங்தேவ்காரர் (நம்ம ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி, பின்னால் பெஞ்சு போட்ட வண்டி) 100 பாட் கேட்டார். கூட வந்த அம்மாள் 20 கொடுத்ததைப் பார்த்துவிட்டு நானும் 20ஐ நீட்டினேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். அப்போது ஒரு பாட் நம் பணத்தில் இரண்டே முக்கால் ரூபாய். மின்விசிறி அறை 450 பாட்.

ஊர் தாய்லாந்து, தெரு பர்மா. பெண்கள் கன்னத்தில் தனாகா என்கிற மரப்பட்டைச் சாந்து, ஆண்கள் லுங்கி, வாயில் வெற்றிலை. பிரதான சாலையிலிருந்து உள்ளே தள்ளி, மசூதிப் பக்கம் ஒரு டீக்கடை. மொஹிங்கா 40 பாட். நம்ம பர்மா பஜாரில் மொய்ங்கா என்று சாப்பிடுகிறோமே, அதன் தாய்வீட்டு வடிவம். விரால் மாதிரி ஏதோ ஒரு மீனைக் கரைத்த குழம்பு, உள்ளே வாழைத்தண்டு, கடலை மாவு, மேலே நொறுக்கிய பருப்பு வடை, மல்லி, எலுமிச்சை. சென்னையில் பூண்டு தூக்கலாக இருக்கும், இங்கே இஞ்சிப்புல் வாசனை. ரசம் மாதிரி உறிஞ்சிக் குடித்தேன். மேசைக்கு மேசை பிளாஸ்கில் வெறும் டீ, காசு கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றிக்கொள்ளலாம். கடைப் பையன்களை முத்தம் கொடுக்கிற மாதிரி உதட்டைக் குவித்துச் சத்தமிட்டுக் கூப்பிடுகிறார்கள். எனக்கு அது கடைசிவரை வரவில்லை, கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு போனில் பேசிக்கொண்டிருந்தபோது கல்லாவில் இருந்தவர் எழுந்து வந்தார். "தமிழாளா தம்பி?" பர்மாவில் மௌல்மீன்காரர். தாத்தா கீழக்கரைப் பக்கமிருந்து போனவராம். இவர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. தமிழ் கொஞ்சம் தடுக்கித் தடுக்கி வந்தது, ஆனால் வந்தது. பாய் என்றே கூப்பிட்டேன்.

சின்ன மகனைப் பற்றிச் சொன்னார். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்தார்கள். ஆண்களுக்கு 18 முதல் 35 வயது, பெண்களுக்கு 18 முதல் 27. சட்டம் வந்த வாரமே வார்டு ஆபீசில் பெயர்ப் பட்டியல் தயாரானதாம். பையன் ஒரு மாதம் ஒரே வீட்டில் அடுத்தடுத்து இரண்டு ராத்திரி தூங்கவில்லை. அப்புறம் காட்டு வழியாக இங்கே வந்து சேர்ந்தான். "பட்டாளத்துக்கு அனுப்புறது பெருசில்ல தம்பி. யாரைச் சுடச் சொல்லுவான்? நம்ம ஊரைத்தான் சுடச் சொல்லுவான்." டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். மொஹிங்காவுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார், அதுவும் நான் மேசையில் வைத்துவிட்டு நடந்ததால்.

நவம்பர் 15, சனி: ஆற்றங்கரை

மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுத்து, 200 பாட், ரிம் மொய் சந்தைக்குப் போனேன். மொய் ஆறு இங்கே எல்லை. தென் திசையிலிருந்து வடக்கே ஓடிப் போய் சால்வீனில் சேர்கிறது. அகலம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, நம்ம ஊர் ஆற்றுப் பாலத்தில் நின்று எதிர்க்கரை ஆளைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். 1997இல் திறந்த நட்புறவுப் பாலம் தலைக்கு மேலே. அதற்கு அடியில், கரையோர முள்கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சிகரெட் கட்டுகளையும் மது பாட்டில்களையும் நீட்டி விற்கிறார்கள். கம்பிக்கு மேலே பணம் போகிறது, கம்பிக்கு மேலே சரக்கு வருகிறது. இரண்டு நாட்டுக் காவலர்களும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

சாலைப் பலகையில் ஏஎச் 1 என்று போட்டிருந்தது. ஆசிய நெடுஞ்சாலை 1. மணிப்பூரில் இம்பால், மோரே வழியாகப் போவதும் இதே சாலைதான். மோரேயிலிருந்து மே சோட் வரை 1,360 கிலோமீட்டருக்கு முத்தரப்பு நெடுஞ்சாலை போடுவதாக இந்தியா பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நடுவில் இருக்கிற ஊர்களில் குண்டு விழுந்துகொண்டிருக்கிறது என்பதை மட்டும் யாரும் திட்ட வரைபடத்தில் குறிப்பதில்லை.

மத்தியானம் நல்ல வெயில். கரும்புச்சாறு 20 பாட். குடித்துக்கொண்டிருக்கும்போது தெற்கே தொலைவில் தொம் என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. நான் ஒருவன்தான் திரும்பிப் பார்த்தேன். கேகே பார்க் கட்டடங்களை வெடி வைத்துத் தகர்க்கிறார்களாம். ஆன்லைன் மோசடி நடத்திய பெருங்கூடாரம் அது. ஆட்களை வேலை என்று ஏமாற்றி வரவழைத்து, அடித்து, போனில் ஊராரை ஏமாற்ற வைத்த இடம். நம் ஆட்களும் நிறையப் பேர் அதில் சிக்கினார்கள். இந்த மார்ச்சில் மட்டும் 500க்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்கள் மே சோட்டிலிருந்து ஏற்றிப் போயின. கூடாரம் வளர்ந்தது ராணுவத்தோடு கைகோத்த எல்லைப் படைகளின் நிழலில். அக்டோபரில் திடீரென்று ஞானம் வந்து ராணுவமே சோதனை போடுகிறது, வெடி வைக்கிறது, படம் எடுத்துப் பத்திரிகைக்குத் தருகிறது. டிசம்பரில் தேர்தல் என்று அறிவித்துவிட்டு நல்ல பிள்ளை வேஷம் போடுகிறார்கள் என்பதுதான் நான் கேட்ட எல்லோருடைய கணிப்பும். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

திரும்பும்போது பஞ்சர். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன், வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. சாலையோரப் பட்டறையில் ஒரு கரேன் (எல்லையோர மலை இனம்) பையன், பதினேழு வயது இருக்கலாம். டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வந்த இடத்தில் நகத்தால் கீறி அடையாளம் வைத்து, ஒட்டுப் போட்டு முடித்தான். 40 பாட். நூறாகக் கொடுத்தேன், மீதியைச் சரியாக எண்ணித் தந்தான். வலது கையால் நீட்டும்போது இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டான். அந்த ஊரில் பெரியவர்களுக்குக் கொடுக்கிற விதம் அது. பட்டறைக்குள் ஸ்டூலில் அவன் அப்பா. முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டிக் கால். கண்ணிவெடி. மே தாவ் மருத்துவமனையில் செய்து கொடுத்தார்களாம். 1988 எழுச்சியை ராணுவம் நசுக்கியபோது தப்பி வந்த டாக்டர் சிந்தியா மாங் அடுத்த வருடமே இங்கே தொடங்கிய இடம் அது. இன்றும் அங்கே செயற்கைக் கால் செய்யத் தனிப் பிரிவு இருக்கிறது என்றால் தேவை குறையவில்லை என்று அர்த்தம். 2023இல் மட்டும் மியான்மரில் 1,003 பேர் கண்ணிவெடியில் செத்தோ ஊனமாகியோ இருக்கிறார்கள். அந்த வருடம் உலகிலேயே அதிகம்.

நவம்பர் 16, ஞாயிறு: டீக்கடை

பாய் சொல்லி வைத்ததால் ஒரு டீச்சர் வந்தார். பர்மாவில் பகோ ஊர்க்காரர், முப்பது வயதுக்குள். ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அரசு வேலையைப் புறக்கணித்த லட்சக்கணக்கானவர்களில் ஒருவர். இப்போது இங்கே தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார். இரண்டு பேருக்கும் சுமாரான ஆங்கிலம், அது போதுமாக இருந்தது. லப்பெ தொ வரவழைத்தார். ஊறவைத்த தேயிலை, வறுத்த பருப்பு, எள், தக்காளி, காய்ந்த இறால், பச்சை மிளகாய். புளிப்பும் துவர்ப்புமாக ஆளைத் தூக்கிப் போடுகிறது. அறுபது பாட். மிளகாயைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள் என்று அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் மத்தியானம் நிம்மதியாகப் போயிருக்கும்.

தட்டைப் படம் எடுக்கலாமா என்று கேட்டேன். தட்டை மட்டும் என்றார். எடுத்ததும் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். ஓரத்தில் அவருடைய கை மணிக்கட்டு வரை விழுந்திருந்தது. மணிக்கட்டில் ஒரு பழைய தீக்காயத் தழும்பு. "இதை எங்க தெருவில எல்லாருக்கும் தெரியும்." அழித்துவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னார். அழித்த படங்கள் போய்ச் சேருகிற கோப்பைத் திறந்து அங்கேயும் அழித்தார்.

இவ்வளவு பயம் எதற்கு, ஆற்றைத் தாண்டி வந்தாயிற்றே என்று தோன்றலாம். அம்மா பகோவில் இருக்கிறார். ராத்திரி வீட்டில் யார் தங்கினாலும் வார்டு ஆபீசில் பதிய வேண்டும் என்ற பழைய முறையை 2021 பிப்ரவரியிலேயே ராணுவம் திரும்பக் கொண்டுவந்தது. நள்ளிரவில் கதவைத் தட்டி, பட்டியலில் இருக்கிற ஆட்களை எண்ணிப் பார்ப்பார்கள். மகள் எங்கே என்று கேட்டால் பாங்காக்கில் துணி ஆலையில் வேலை என்று அம்மா சொல்லி வைத்திருக்கிறார். படம் வெளியே வந்தால் அந்தப் பொய் உடையும். தேடுகிற ஆள் கிடைக்காவிட்டால் அம்மாவையோ அப்பாவையோ தூக்கிப் போவதும், வீட்டுக்குச் சீல் வைப்பதும் அங்கே பழகிப்போன நடைமுறை.

பகோவில் 2021 ஏப்ரல் 9 என்ன நடந்தது என்பதை அவர் சொல்லவில்லை, நானும் தோண்டவில்லை. படித்திருக்கிறேன். விடியுமுன் தெருத் தடுப்புகள் மீது துப்பாக்கியால் எறிகுண்டு வீசினார்கள். குறைந்தது 82 பேர் செத்தார்கள் என்று அரசியல் கைதிகளுக்கான உதவிச் சங்கம் கணக்கு வைத்திருக்கிறது. அந்தச் சங்கம் இருப்பதும் இதே மே சோட்டில்தான். சிறை மீண்ட கைதிகளே நடத்துவது. ராணுவத்தின் கையால் செத்தவர்கள் 6,000க்கும் மேல், கைதானவர்கள் 28,000க்கும் மேல் என்று ஒவ்வொரு பெயராகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

சூகியைப் பற்றிப் பேச்சு வந்தது. எண்பது வயதில் எந்தச் சிறையில் எப்படி இருக்கிறார் என்று மகனுக்கே தெரியவில்லை. மரியாதையோடுதான் பேசினார் டீச்சர். ஆனால் அடுத்ததாக அவரே சொன்னார்: 2017இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா முஸ்லிம்களை ராணுவம் வங்கதேசத்துக்கு விரட்டியபோது டிவியில் சொன்னதை நம்பினாராம். 2019இல் சூகி ஹேக் நகரத்து சர்வதேச நீதிமன்றத்தில் போய் ராணுவத்தின் பக்கம் பேசியபோது ஆதரவுப் பலகையோடு ஊர்வலமும் போயிருக்கிறார். "அதே ராணுவம் எங்க தெருவுக்கு வந்தப்பதான் புரிஞ்சது." பாய் டீ ஆற்றிக்கொண்டே எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். "இவங்களுக்கு நாலு வருஷம். எங்களுக்கு எப்பவும் இப்படித்தான் தம்பி" என்றார் தமிழில். மூன்று தலைமுறையாக அங்கே வாழ்ந்த குடும்பத்தில் பிறந்தவருக்கு அடையாள அட்டையில் இனம் என்ற இடத்தில் இன்னமும் இந்தியா என்றும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறது. அவர் சொன்னதை டீச்சருக்கு மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. நானும் செய்யவில்லை.

சாயங்காலம் பக்கத்து மேசையில் வந்து உட்கார்ந்த பெரியவர் ரங்கூனின் இன்செயின் சிறையில் இருந்தவர். வெள்ளைக்காரன் 1887இல் கட்டிய சிறை, நடுவில் நின்றால் எல்லாத் தொகுதியும் தெரிகிற சக்கர வடிவம். போன்சான் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். பிளாஸ்டிக் ஸ்டூலைத் தள்ளிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டார். முதுகு நேராக, இரண்டு கையும் நீட்டி முழங்கால் மேல், தலை குனிந்து. அதிகாரி வரும்போதெல்லாம் அப்படி உட்கார வேண்டும், போகிறவரை அசையக் கூடாது. அறுபதைத் தாண்டியவர், ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படியே இருந்தார். கடைப் பையன் சுற்றிக்கொண்டு போனான், யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. எழுந்து லுங்கியைத் தட்டிவிட்டு, டீக்குச் சர்க்கரை போதவில்லை என்று பாயிடம் சண்டை பிடித்தார்.

அவருக்கு கோ ஜிம்மியைத் தெரியும். 1988 மாணவர் தலைமுறைக்காரர். 2022 ஜூலையில் அவரையும், ஹிப் ஹாப் பாடகராக இருந்து எம்.பி.யான பியோ செயா தோவையும், இன்னும் இரண்டு பேரையும் தூக்கில் போட்டார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அந்த நாட்டில் முதல் தூக்கு. உடலைக்கூட வீட்டுக்குத் தரவில்லை.

நவம்பர் 17, திங்கள்: மே லா

மிளகாயின் புண்ணியத்தால் தாமதமாகக் கிளம்பினேன். வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் மே லா அகதி முகாம். சோங்தேவில் கோழிக் கூடையோடு இடுக்கிக்கொண்டு பயணம். அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது, நான் கேட்கவுமில்லை. சாலையை ஒட்டியே வேலி. வேலிக்குப் பின்னால் சுண்ணாம்பு மலையின் அடிவாரம் முழுக்க மூங்கில் வீடுகள், இலைக் கூரைகள். தற்காலிகம் என்பதால் சிமெண்ட் கட்டக் கூடாது என்று விதி. முகாம் வந்தது 1984இல். கரேன் மக்கள் மீது அப்போது நடந்த தாக்குதலில் ஓடி வந்தவர்களின் பேரப் பிள்ளைகள் அந்தத் தற்காலிகத்தில் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

இந்த வருடம் இன்னும் கஷ்டம். ஜனவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தியதும் முகாம் ஆஸ்பத்திரிகள் மூடின. ஜூலை கடைசியோடு பெரும்பாலானவர்களுக்கு உணவுப் படியும் நின்றது. நல்ல சேதி ஒன்று: முகாமில் இருப்பவர்கள் வெளியே சட்டப்படி வேலை செய்யலாம் என்று தாய்லாந்து அக்டோபரிலிருந்து அனுமதித்திருக்கிறது. புதிதாக வந்த பாயின் மகன் மாதிரி ஆட்களுக்கு அது பொருந்தாது. அகதிகள் ஒப்பந்தத்தில் தாய்லாந்து கையெழுத்தே போடவில்லை, ஆகவே சட்டத்தின் கண்ணில் அவன் அகதி கிடையாது, காகிதம் இல்லாமல் நுழைந்தவன். மாதா மாதம் யாருக்கோ ஒரு தொகை கொடுத்துத்தான் வேலைக்குப் போய் வருகிறான். யாருக்கு என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

வேலியோரக் கடையில் ஒரு பாட்டி வறுத்த வாழைப்பழம் விற்றார், 10 பாட்டுக்கு ஐந்து துண்டு. ஆறாவதாக ஒன்று வைத்தார்.

நவம்பர் 18, செவ்வாய்: திரும்பும் வழி

பகல் பேருந்து. ஊரைத் தாண்டி மலை ஏறுமுன் சோதனைச் சாவடி. காவலர் ஏறி முகத்தை முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். என் பாஸ்போர்ட்டை இரண்டு பக்கம் புரட்டிவிட்டுப் புன்னகையோடு திருப்பிக் கொடுத்தார். எனக்கு முன்சீட்டுப் பையனிடம் ஏதோ கேட்டார், அவன் பதில் தாய் மொழியில் தடுமாறியது. பையோடு இறக்கினார்கள். பேருந்து அவனுக்காக நிற்கவில்லை. பக்கத்திலிருந்த தாய் அம்மாள் ஆரஞ்சு உரித்துக்கொண்டே, வாரத்துக்கு இரண்டு மூன்று பேர் இப்படி என்றார். திருப்பி அனுப்பினால் அவன் வயதுக்கு நேராகப் பட்டாள முகாம்தான்.

வழியெல்லாம் போனில் செய்தி படித்துக்கொண்டு வந்தேன். டிசம்பர் 28 தேர்தலுக்கு ஏற்பாடு மும்முரமாம். வென்ற கட்சியை 2023இலேயே கலைத்தாயிற்று. தேர்தலை எதிர்த்துப் பேசினாலே குறைந்தது மூன்று வருடச் சிறை, தேர்தலைக் குலைக்கப் போய் யாராவது செத்தால் தூக்கு வரை போகலாம் என்று ஜூலையில் சட்டம் போட்டாயிற்று. இந்த ஏப்ரலில் பாங்காக்கிலும் ஆகஸ்டில் சீனாவின் தியான்ஜினிலும் நம் பிரதமர் மின் ஆங் லைங்கைச் சந்தித்துக் கைகுலுக்கினார். இடையில் மே 12 அன்று பர்மாவின் சகாயிங் வட்டாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் மேல் குண்டு போட்டு இருபது பிள்ளைகளைக் கொன்றார்கள். மார்ச் நிலநடுக்கத்தில் அதே சகாயிங் தரைமட்டமாகக் கிடந்தபோதும் விமானத் தாக்குதல் நிற்கவில்லை.

அது அவர்கள் உள்நாட்டு விவகாரம் என்பார்கள் டில்லியில். ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023 மே மாதம் கணக்குப் போட்டுக் காட்டினார்: ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அந்த ராணுவத்துக்குப் போன ஆயுதங்களும் உதிரிப் பொருட்களும் 100 கோடி டாலருக்குமேல். ரஷ்யாவிலிருந்து 40.6 கோடி, சீனாவிலிருந்து 26.7 கோடி, சிங்கப்பூரிலிருந்து 25.4 கோடி. இந்தியாவிலிருந்து 5.1 கோடி, அதில் நம் அரசு நிறுவனங்களின் சரக்கும் அடக்கம். விற்கும்போது மட்டும் அது வெளிநாட்டு வணிகம், குண்டு விழும்போது உள்நாட்டு விவகாரம். வடகிழக்கு எல்லைப் பாதுகாப்பு, சீனாவுக்குப் போட்டி என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். இவ்வளவு கைகுலுக்கியும் மோரே சாலை ஒரு கிலோமீட்டர்கூட நிம்மதியாகப் போய்ச் சேரவில்லையே.

சரி, அந்த டீக்கடைப் பெயர் என்ன, எந்தத் தெரு என்று கேட்பீர்கள். தர மாட்டேன். டீச்சரின் ஊர், பெரியவரின் வயது, பாயின் பூர்வீகம் எல்லாவற்றிலும் ஒன்றிரண்டை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், அவர்களைக் கேட்டுக்கொண்டு. போகிறவர்கள் மசூதியைச் சுற்றியுள்ள எந்தக் கடையிலும் நம்பி உட்காரலாம். மொஹிங்கா காலை ஒன்பது மணிக்குள் தீர்ந்துவிடும். ஆட்களைப் படம் எடுக்காதீர்கள். லப்பெ தொவில் மிளகாயைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.